சித்திரை, வைகாசில மரக்காணம் பக்கம் விடிய விடிய கூத்து பாக்கணும், எந்த ராத்திரி போறது?

தாம்பரம்வாசி

வணக்கம் நண்பர்களே, ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு போயிட்டு இருந்தவன், முதல் தடவையா எழுதறேன், தப்பான பகுதில போட்டிருந்தா மாத்தி விட்ருங்க. எங்க அம்மாவுக்கு சொந்த ஊரு மரக்காணத்துக்கும் சூணாம்பேட்டுக்கும் நடுவுல ஒரு சின்ன கிராமம், ஒரு பக்கம் கழுவெளி ஒரு பக்கம் உப்பளம், கல்யாணம் ஆகி தாம்பரம் வந்து 41 வருஷம் ஆச்சு. தாத்தா பாட்டி போனதுக்கப்புறம் சாவு, காதுகுத்துன்னாதான் ஊர்ப்பக்கமே போறது.

போன வாரம் டிவில கூத்துன்னு ஒரு அஞ்சு நிமிஷம் காட்டினாங்க. அம்மா பாத்துட்டு "இதெல்லாம் ஒரு கூத்தா, தபசு மரம் எங்க"ன்னாங்க. அப்புறம் சாப்பாடு போட போனவங்க கரண்டியும் கையுமா அடுப்பங்கரை வாசல்ல நின்னுகிட்டு அரை மணி நேரம் கதை சொன்னாங்க, பனைமரம் உயரத்துக்கு ஒருத்தர் ஏறி எலுமிச்சம்பழம் போடுவாராம், கீழ பொம்பளைங்க முந்தானைய விரிச்சு நிப்பாங்களாம். எனக்கு 39 வயசு, இத்தன வருஷத்துல இத ஒருநாள் கூட சொன்னதில்ல.

அதான் இந்த லீவுல கூட்டிட்டு போலாம்னு பாக்கறேன். நெட்ல தேடினா பாண்டிச்சேரி பீச் ரிசார்ட்தான் வருது, திருவிழா தேதி எதுவும் கிடைக்கல. எங்க நடக்குது, எப்ப நடக்குது, ஒரே ஒரு ராத்திரிதான் லீவு போட முடியும்னா எந்த ராத்திரி போறது? பசங்க 12 வயசு பொண்ணு, 7 வயசு பையன், தாங்குவாங்களா? வீட்டுக்காரம்மா கேக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், பாத்ரூம் இருக்குமா.

உப்பளத்தான்

வாங்க தாம்பரம், நம்ம ஊர்க்காரரா போயிட்டீங்க. நெட்ல தேடாதீங்க, கிடைக்கவே கிடைக்காது. பங்குனி பாதிலேருந்து வைகாசி முடிய அந்தப் பக்கம் டீக்கடை சுவரு, பஸ் ஸ்டாப்பு, ரேஷன் கடைன்னு மஞ்சள், ரோஸ் கலர்ல நோட்டீஸ் ஒட்டியிருப்பாங்க, "அருள்மிகு திரௌபதி அம்மன் ஆலய அக்னி வசந்த விழா"ன்னு பெருசா போட்டு கீழ ஒவ்வொரு நாளும் என்ன நாடகம், எந்த ஊர் ஜமா (கூத்துக் குழு), உபயதாரர் யாருன்னு பொடி எழுத்துல இருக்கும். சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா அத போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்ப சொல்லுங்க, வேலை முடிஞ்சுது.

எல்லா ஊர்லயும் வருஷா வருஷம் நடக்காது, அத மனசுல வெச்சுக்கங்க. எங்க ஊர்லயே நடுவுல கோயில் வரவு செலவு தகராறுல நாலு வருஷம் நின்னு போச்சு. நடக்கற ஊர்ல காப்பு கட்டினதும் மத்தியானத்துல பாரதம் படிப்பாங்க, பிரசங்கியார் ஒருத்தர் வில்லிபாரதத்த பாட்டா பாடி கதையா சொல்வாரு, வேப்பமரத்து நிழல்ல கிழவிங்கதான் கூட்டம். கடைசி எட்டு பத்து நாள் ராத்திரி கூத்து. மத்தியானம் படிச்ச கதைதான் ராத்திரி ஆட்டமா வரும்.

வரிசை ஊருக்கு ஊரு கொஞ்சம் மாறும், பொதுவா வில் வளைப்பு, ராஜசூய யாகம், திரௌபதி துகில், அர்ச்சுனன் தபசு, விராட பர்வத்து மாடுபிடி சண்டை, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு, கர்ண மோட்சம், கடைசில பதினெட்டாம் போர். பதினெட்டாம் போர் முடிஞ்ச காலைல படுகளம் (துரியோதனன் சாவற காட்சி), சாயந்திரம் தீமிதி. அம்மா தபசு மரம்னு சொன்னதால நீங்க போக வேண்டியது அர்ச்சுனன் தபசு அன்னிக்குதான், யோசிக்கவே வேணாம்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. கிளம்பற அன்னிக்கு காலைல ஊருக்கு ஒரு போன் போட்டு கேட்டுட்டு கிளம்புங்க. நோட்டீஸ்ல என்ன தேதி அடிச்சிருந்தாலும் ஊர்ல ஒரு சாவு விழுந்தா ஒருநாள் தள்ளிடும்.

ஈசிஆர்_ரைடர்

ப்ரோ, ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைகாலம், கடலுக்கு போக முடியாம எல்லாரும் ஊர்ல இருக்கறதாலதான் கடற்கரை ஊர்ல இந்த டைம்ல விழா வைக்கறாங்க. எந்த குப்பத்துக்கு போனாலும் பாக்கலாம். ஒரே ராத்திரின்னா பேசாம சித்ரா பௌர்ணமிக்கு கூவாகம் போயிடுங்க, ஃபேமஸ், கூட்டம் சும்மா அள்ளும்.

முகவீணை

ரைடர் தம்பி, தடைகாலம் விசைப்படகுக்குதான், பைபர் போட்டுக்கு கிடையாது. மரக்காணம் குப்பங்கள்ல முக்கால்வாசி பைபர் போட்டுதான், அவங்க தடைகாலத்துலயும் கடலுக்கு போயிட்டுதான் இருக்காங்க. தடையும் இந்த 20, 25 வருஷமா வந்தது, முதல்ல 45 நாளா இருந்து 2017ல 61 ஆச்சு, கூத்து அதுக்கு முன்னாடி எத்தன தலைமுறையா இதே மாசத்துல நடக்குது. காரணம் ரொம்ப சிம்பிள், அறுப்பு முடிஞ்சு நெலம் காலியா கிடக்கு, கையில நாலு காசு இருக்கு, மழை வராது, ராத்திரி பூரா வெட்ட வெளில உக்காரலாம். குப்பத்துல பெரிய விழா பாதிக்கு மேல மாரியம்மன், கங்கையம்மனுக்கு இருக்கும், திரௌபதி அம்மன் கோயில் ஜாஸ்தி உள்ளாற விவசாய ஊர்லதான். அதனால எந்த குப்பத்துக்கு போனாலும் பாக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டு அவரு குடும்பத்தோட போய் நிக்கப் போறாரு.

கூவாகம் கூத்தாண்டவர் கோயில் உளுந்தூர்பேட்டை பக்கம், கடலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அரவான் கதைதான், திருநங்கைங்க தாலி கட்டி மறுநாள் தாலி அறுக்கற இடம், போக வேண்டிய இடம்தான், ஆனா 7 வயசு பையன தூக்கிட்டு அந்த நெரிசல்ல ராத்திரி முழுக்க முடியாது.

எங்க பெரியப்பா 30 வருஷம் ஒரு ஜமாவுல முகவீணை வாசிச்சவரு. அந்த ஊதற வாத்தியம் ஒரு சாணுக்கு கொஞ்சம் மேல இருக்கும், சத்தம் மட்டும் மூணு தெருவுக்கு கேக்கும். இப்ப நெறைய ஜமாவுல அத விட்டுட்டு ஆர்மோனியத்த வெச்சே ஓட்டிடறாங்க, வாசிக்க ஆள் இல்லன்னு சொல்றாங்க, கத்துக்க வந்தவனுக்கு என்ன கூலி குடுத்தீங்கன்னு யாரும் கேக்க மாட்டேங்கறாங்க.

தாம்பரம் சார், நீங்க கூத்து ஆரம்பிச்சதும் போகாதீங்க, ஒம்பது மணிக்கே போயிடுங்க. ஒப்பனை கொட்டாய்னு தென்னங்கீத்து மறைச்சு ஒரு இடம் இருக்கும், ஜமா வாத்தியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு பசங்கள கூட்டிட்டு போய் காட்டுங்க, பெரும்பாலும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. ஒவ்வொருத்தரும் ஒரு கையளவு கண்ணாடிய காலால அணைச்சு வெச்சுகிட்டு தனக்குத்தானே அரிதாரம் போட்டுக்குவாங்க, கிருஷ்ணனுக்கு பச்சை, துரியோதனனுக்கு சிவப்பு. அப்புறம் கட்டை கட்டறது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்துல செதுக்கி கண்ணாடித் துண்டு பதிச்சது. லேசான மரம்னு பேருதான், எல்லாத்தையும் இறுக்கி கட்டி ஒருதடவை எனக்கு தலையில வெச்சாங்க, பத்து நிமிஷத்துல கழுத்து போயிடுச்சு, அந்த ஆளு அதோட விடிய விடிய கிறிக்கி சுத்துவாரு.

வேஷம் உடனே வெளிய வராது. ரெண்டு பேரு திரைய புடிச்சு நிப்பாங்க, பின்னாலேருந்து பாட்டு மட்டும் வரும், திரைக்கு மேல கிரீடத்தோட நுனி மட்டும் ஆடும். கட்டியங்காரன், அதான் கூத்துக் கோமாளி, இந்தப் பக்கம் நின்னு "யாரய்யா நீ, எந்த ஊரு"ன்னு நக்கல் பண்ணுவான். என்னைக் கேட்டா மொத்த கூத்துலயும் நல்ல இடம் அதுதான், துரியோதனன் வர்றப்ப பசங்க முகத்த பாருங்க.

இப்ப வயித்தெரிச்சல் ஒண்ணு. பல ஊர்ல எட்டு ராத்திரி கூத்து மூணு ராத்திரி ஆயிடுச்சு, மிச்ச நாள்ல பாட்டுக் கச்சேரி, ஆடல் பாடல். போன வருஷம் ஒரு ஊர்ல அபிமன்யு சக்கர வியூகத்துல மாட்டின நேரத்துல மைக்க நிறுத்த சொல்லிட்டாங்க, ராத்திரி 10 மணிலேருந்து காலைல 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000லேயே ரூல் இருக்கு, எனக்கும் தெரியும், தப்புன்னு சொல்லல. மைக் இல்லாமலே ஆடினாங்க. பெரியப்பா காலத்துல மைக்கா இருந்துச்சு, ஆனா இப்ப ஆடறவங்களுக்கு அந்த தொண்டை பழக்கம் போச்சு, மூணு மணிக்கு மேல சுபத்திரை ஒப்பாரி பின்வரிசைக்கு கேக்கவே இல்ல.

புதுவை_மலர்

ஆம்பளைங்க எல்லாரும் வரலாறு சொல்லிட்டீங்க, அந்த அக்கா கேட்ட பாத்ரூமுக்கு யாரும் பதில் சொல்லல பாருங்க.

கோயில்ல இருக்காது, இருந்தாலும் பூட்டியிருப்பாங்க. ஊர்ல சொந்தக்காரங்க வீடு இருந்தா முன்னாடியே பேசி வெச்சுக்கங்க, இல்லன்னா பக்கத்து வீட்ல கேட்டா விடுவாங்க, கூத்து அன்னிக்கு எந்த வீட்லயும் கதவு சாத்தியிருக்காது. பாய் ரெண்டு கொண்டு போங்க, ஒண்ணு உக்கார, ஒண்ணு பசங்க படுக்க. பகல்ல வெயில் கொளுத்தறதேன்னு போர்வை எடுக்காம போயிடாதீங்க, மூணு மணிக்கு மேல கடல் பக்கத்துலேருந்து ஈரக்காத்து வரும், அம்மாவுக்கு தலைக்கு ஒரு துண்டு அவசியம். உப்பளம் பக்கம் கொசு ஓடோமாஸுக்கெல்லாம் பயப்படாது. சின்னவன் பன்னண்டு மணிக்கு தூங்கிடுவான், விடுங்க, எழுப்பாதீங்க, கூத்துல தூங்கறதும் கூத்து பாக்கறதுதான், நாங்க எல்லாம் அப்படித்தான் பாத்தோம், மத்தளம் சத்தம் ஏறினா தானா எழுந்து உக்காருவான். நடுவுல அரை மணிக்கு ஒருதடவை ஆட்டத்த நிறுத்தி இன்ன ஊர் இன்னார் நூறு ரூபா அன்பளிப்புன்னு சட்டையில குத்தி மைக்ல சொல்லுவாங்க, எரிச்சலா இருக்கும், பொறுத்துக்கங்க, அவங்க சம்பளத்துல அதுவும் சேர்த்தி.

தபசு பத்தி சொல்றேன், எனக்கு அது வேற மாதிரி. கல்யாணமாகி ஆறு வருஷம் புள்ள இல்ல, எங்க மாமியார் கூட்டிட்டு போய் நிக்க வெச்சாங்க. தபசு மரம்னா நெட்டு மரம் ஒண்ணு நட்டு ஏற படி கட்டியிருப்பாங்க, உச்சில உக்கார ஒரு பலகை, வேப்பிலை, பூ எல்லாம் சுத்தியிருக்கும். விடியக்காலைல அர்ச்சுனன் வேஷக்காரர் ஒரு படிக்கு ஒரு பாட்டுன்னு நின்னு நின்னு ஏறினாரு, நான் கழுத்து வலிக்க மேல பாத்துட்டே ஈரப்புடவையோட நின்னேன், பக்கத்துல என்ன மாதிரி பதினஞ்சு இருபது பேரு. மேல போனதும் பூஜை போட்டு பூ, விபூதி, எலுமிச்சம்பழம்னு வீச ஆரம்பிச்சாரு. எனக்கு பழம் விழல. பக்கத்துல நின்ன அம்மா, யாருன்னே தெரியாது, பேரனுக்காக நின்னாங்க போல, அவங்க முந்தானைல ரெண்டு விழுந்துச்சு, ஒண்ண எடுத்து என் கையில வெச்சுட்டு திரும்பிக்கூட பாக்காம போயிட்டாங்க. நான் சாமி கும்பிடறவளா இல்லையான்னெல்லாம் கேக்காதீங்க, டாக்டர்கிட்டயும் போயிட்டுதான் இருந்தேன். ஆனா அந்த கை சூடு இன்னும் ஞாபகம் இருக்கு.

ஈசிஆர்_ரைடர்

முகவீணை அண்ணே, தடைகாலம் மேட்டர் தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க. மலர் அக்கா 🙏

பழைய_வாத்தியார்

இந்த இழையைப் படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு, அதான் எட்டிப் பாக்கறேன். கலைஞன் ஒருத்தன் இன்னொருத்தனுக்கு இந்த வழியா போ, அங்க இன்னது கிடைக்கும்னு சொல்றதுதானே ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படை எழுதின நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரரு, நம்ம தாம்பரம் நண்பரோட தாய் ஊருக்கு பக்கத்து மண்ணு. அதுல நல்லியக்கோடன்ங்கற ராஜாவ பாக்கப் போற பாணனுக்கு முதல்ல வர்ற ஊரு எயிற்பட்டினம், அத மரக்காணம்னுதான் அறிஞர்கள் பலர் சொல்றாங்க. அங்க போனா நுளைச்சியர், அதாவது மீனவப் பொம்பளைங்க, காய்ச்சின தேறலும் (கள்ளும்) சுட்ட குழல் மீனும் கிடைக்கும்னு வழி சொல்றாரு. மலர் அம்மா பாயும் போர்வையும் சொல்றாங்க, ரெண்டாயிரம் வருஷத்துல அவ்வளவுதான் வித்தியாசம்.

நகரத்துல இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு. புரிசை கண்ணப்ப தம்பிரான் ஆட்களும் 1977ல ந. முத்துசாமி ஆரம்பிச்ச கூத்துப்பட்டறை நாடகக் குழுவும் சேர்ந்து இத மேடைக்கு கொண்டு வந்ததாலதான் சென்னைல இதுக்கு ஒரு மரியாதை வந்துச்சு. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல கட்டைக்கூத்து சங்கம் 2002லேருந்து குருகுலம் வெச்சு பொம்பளைப் பசங்களுக்கும் ஆட சொல்லிக் குடுத்தாங்க, முன்னாடி திரௌபதி வேஷமே ஆம்பளைதான் போடுவாரு. மேடையில ரெண்டு மணி நேரம் பாக்கறது தப்பில்ல, சுத்தமா, கச்சிதமா இருக்கும். ஆனா நாலு மணிக்கு வேஷக்காரன் குரல் கம்மி, சாயம் வேர்வையில வழிஞ்சு, அந்த நேரத்துல வர்ற கர்ணன் அங்க வரமாட்டான்.

தாம்பரம்வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, போயிட்டு வந்துட்டோம், லேட்டா எழுதறதுக்கு மன்னிக்கணும்.

உப்பளத்தான் அண்ணே, நீங்க படிச்சு படிச்சு சொன்னீங்க காலைல போன் போடுன்னு. நான் போடல. நோட்டீஸ் போட்டோவ சித்தப்பா பையன் அனுப்பினான், தபசு வெள்ளிக்கிழமைன்னு தெளிவா இருந்துச்சு, லீவு போட்டு ஈசிஆர்ல குடும்பத்தோட போய் இறங்கினா வீட்டு வாசல்லயே சித்தப்பா சொல்றாரு, கிழக்குத் தெருவுல ஒரு பெரியவரு தவறிட்டாரு, எல்லாம் ஒருநாள் தள்ளிப் போச்சு, இன்னிக்கு துகிலுதான்னு. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. அம்மா மட்டும் "துகிலா, துகிலும் நல்லாத்தான் இருக்கும், வா"ன்னு எனக்கு முன்னாடி பாய தூக்கிட்டு நடக்க ஆரம்பிச்சிட்டாங்க, முட்டி வலின்னு மாடி ஏற மாட்டேங்கறவங்க.

ஒப்பனை கொட்டாய் பாத்தோம், பையனுக்கு வாத்தியார் கன்னத்துல ஒரு பொட்டு பச்சை வெச்சு விட்டாரு, மூணு நாள் குளிக்க மாட்டேன்னு அடம். திரை ஆட்டம் நீங்க சொன்ன மாதிரியேதான், முகவீணை சார்.

ஆனா எனக்கு மனசுல நிக்கறது வேற ஒரு இடம். துச்சாதனன் மூணு மணி வாக்குல திரௌபதிய முடிய புடிச்சு இழுத்துட்டு வந்து, சேலையில கை வைக்கற நேரத்துல ஆட்டம் நின்னுடுச்சு. மத்தளமும் நின்னுடுச்சு. அதுவரைக்கும் உறுமிட்டு இருந்த ஆளு கோயில் பக்கம் திரும்பி, கற்பூரம் ஏத்தி, கைய கூப்பி, தாயே இது வேஷம், என்ன மன்னிச்சிடுன்னு வேண்டறாரு, குரல் உடையுது. பாய்ல படுத்திருந்த கிழவிங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க, அம்மாவும்தான். என் பொண்ணு காதுல கேக்கறா, "அப்பா வில்லன் ஏன் அழறாரு, நிஜமாவா நடிக்கறாரா"ன்னு. எனக்கு சொல்லத் தெரியல. அப்புறம் மறுபடி மத்தளம் எடுத்துச்சு, அவரும் மறுபடி உறும ஆரம்பிச்சிட்டாரு.

சனிக்கிழமை எனக்கு டூட்டி, மாத்த முடியல. காலைல கிளம்பலாம்னா அம்மா வர மாட்டேன்னுட்டாங்க, "நீ போ, நான் தபசு பாத்துட்டு வரேன்"ன்னு. பொண்ணும் பாட்டி கூடவே இருந்துக்கறேன்னு உக்காந்துட்டா. ஆக, இவ்வளவு கேள்வி கேட்டு, இவ்வளவு பேர தொந்தரவு பண்ணி, தபசு மரத்த நான் பாக்கல. ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை பஸ் புடிச்சு வந்தாங்க, பொண்ணு போன்ல எடுத்த வீடியோவுல ஒரே இருட்டு, உச்சில ஒரு சின்ன வெளிச்சம், பக்கத்துல அம்மா குரல் மட்டும் அந்தப் படிப்பாட்ட கூடவே பாடுது.

ரெண்டு எலுமிச்சம்பழம் கொண்டு வந்திருக்காங்க. ஒண்ணு வீட்டுக்காரம்மா பிரிட்ஜ்ல வெச்சிருக்கா, ஒண்ணு அம்மா தலகாணிக்கு அடில இருக்கு. இத என்ன பண்றதுன்னு யாராச்சும் சொல்லுங்க.

புதுவை_மலர்

முதல்ல பிரிட்ஜ்லேருந்து வெளிய எடுங்க, யாராச்சும் தெரியாம ரசத்துல புழிஞ்சிடப் போறாங்க. சாமி படத்துக்கிட்ட வைங்க, காஞ்சு கல்லு மாதிரி ஆகும், ஆகட்டும். தலகாணிக்கு அடில இருக்கறத தொடாதீங்க.

உப்பளத்தான்

போன் போடுன்னு சொன்னேனா இல்லையா. சரி விடுங்க, அடுத்த மாசம் எங்க ஊருக்கு பக்கத்து ஊர்ல காப்பு கட்டறாங்கன்னு பேச்சு அடிபடுது, நோட்டீஸ் அடிச்சதும் இங்கயே போடறேன்.